ஏற்காட்டுக்குப் போயும் மனம் ஏன் படத்தில் ஒட்டவில்லை?

சேலத்தில் வேலை பார்க்கும் ஒருவரின் கேள்வி இது. பள்ளி நாட்களோடு விட்டுப்போன வாட்டர்கலரைப் பல வருடம் கழித்துத் திரும்ப எடுத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி ஏற்காடு போய், லேடீஸ் சீட்டில் உட்கார்ந்து வரைகிறார். "பத்து நிமிடத்துக்கு மேல் மனம் நிற்பதில்லை. கை போனுக்குப் போய்விடுகிறது. கடைசியில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வந்து வீட்டில் அதைப் பார்த்து வரைகிறேன், அதிலும் சலிப்பு. ஓவியர்கள் பசி தூக்கம் மறந்து வரைவார்கள் என்கிறார்களே, அது பிறவியிலேயே வருவதா, பழகினால் வருமா?"

பழகினால் வரும். சேலத்தில் பெரியவர்களுக்கு வாட்டர்கலர் சொல்லிக்கொடுப்பது என் வேலை. ஓய்வு பெற்ற வங்கிக்காரர், வெள்ளிப் பட்டறையில் வேலை செய்பவர், பிள்ளைகளைக் காலேஜுக்கு அனுப்பிவிட்ட அம்மாக்கள் என்று எல்லோரும் வருவார்கள். எல்லோருக்கும் அந்த ஆழ்ந்துபோகும் நேரம் வந்து பார்த்திருக்கிறேன். நன்றாக வரைபவர்களுக்கு மட்டும் வருவது அது என்று நினைக்க வேண்டாம். சில சமயம் அவர்களுக்குத்தான் தாமதமாக வருகிறது, கை தானாக ஓடிவிடுவதால்.

நீங்கள் லயிப்பு வந்த பிறகு வரையலாம் என்று காத்திருக்கிறீர்கள். அதற்காகவே மலை ஏறி, அழகான இடமாகப் பார்த்து உட்காருகிறீர்கள். லயிப்பு இடத்தில் இல்லை. வரைகிறவர் மனதில் விடை தெரியாத ஒரு சின்னக் கேள்வி இருந்தால், அந்தக் கேள்விக்குப் பின்னால் வருவது அது. லேடீஸ் சீட்டில் உங்களிடம் கேள்வி இல்லை, காட்சி மட்டும்தான் இருக்கிறது.

இதை இப்படிச் சொல்ல எனக்கு ஓர் ஆதாரம் உண்டு. இந்த ஆழ்ந்துபோகும் நிலையை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் மிஹாய் சிக்சென்ட்மிஹாய். 1934இல் பிறந்த ஹங்கேரியர், அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்து அங்கேயே பேராசிரியரானவர். இன்று 'ஃப்ளோ' என்று விளையாட்டு வீரர்களும் சாஃப்ட்வேர்காரர்களும் சொல்கிறார்களே, அந்தக் கருத்து அவருடையது. அது தொடங்கிய இடம் மைதானமோ ஆபீஸோ இல்லை, ஓவியம்தான். 1960களில் சிகாகோவில் ஓவிய மாணவர்களைக் கவனித்துக்கொண்டிருந்தபோது ஒன்று அவரை உறுத்தியது. படம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தால் பசி, களைப்பு, நேரம் எதுவும் அவர்களுக்குத் தெரிவதில்லை. படம் முடிந்ததுமே அதில் ஆர்வம் போய்விடுகிறது, அடுத்ததற்கு நகர்ந்துவிடுகிறார்கள். படம் கிடைப்பதற்காக வரைந்தார்கள் என்றால் முடிந்த படத்தின் மேல் அல்லவா ஆசை இருக்க வேண்டும்? வரைவதிலேயே ஏதோ இருக்கிறது என்று அவர் தேடத் தொடங்கியது அங்கேதான்.

பிறகு மலை ஏறுபவர்கள், சதுரங்கம் ஆடுபவர்கள், அறுவை மருத்துவர்கள் என்று பலரிடம் பேசி அவர் கண்டது மூன்று விஷயம். அடுத்த நொடி என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருக்க வேண்டும். செய்தது சரியா தவறா என்பது உடனே தெரிய வேண்டும். வேலையின் கடினம் நம் திறமைக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். ரொம்ப மேலே போனால் பதற்றம், கீழே இறங்கினால் சலிப்பு.

இந்த இரண்டாவதில் வாட்டர்கலரை அடிக்க இன்னொரு ஊடகம் இல்லை என்பது என் கருத்து. ஈரக் காகிதத்தில் நீலத்தை வைத்தால், சரியாக வைத்தோமா இல்லையா என்பது பத்து நொடியில் தெரிந்துவிடும். தண்ணீர் அதிகமானால் நிறம் ஓடும், குறைந்தால் ஓரம் வெட்டியது போல நிற்கும், பாதி காய்ந்த இடத்தில் மறுபடி ஈரம் பட்டால் பூப்பூவாக விரியும். எண்ணெய் வண்ணம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுவதால் காய நாட்கள் ஆகும், யோசிக்க அவகாசம் தரும். வாட்டர்கலர் தராது. உங்களை இந்த நிமிடத்தில் பிடித்து வைக்கும். அதனால்தான் தொடங்குபவர்களுக்கு வாட்டர்கலர் கஷ்டம் என்று பலரும் சொல்லும்போதும், ஆழ்ந்துபோகப் பழக இதையே எடுங்கள் என்று நான் சொல்கிறேன்.

ஆனால் கேள்வி என்று சொன்னேனே, அது இந்த மூன்றுக்கும் முந்தியது. சிக்சென்ட்மிஹாயும் அவருடைய ஆசிரியர் ஜேக்கப் கெட்ஸல்ஸும் சேர்ந்து செய்த ஒரு பரிசோதனை உண்டு. சிகாகோ கலைப் பள்ளி மாணவர்கள் 31 பேர். ஒரு மேசையில் 27 பொருட்கள். விருப்பமானதை எடுத்து இன்னொரு மேசையில் அடுக்கி அதை வரையச் சொன்னார்கள். சிலர் நாலைந்து பொருளை எடுத்து வைத்துவிட்டுச் சட்டென்று வரைய உட்கார்ந்தார்கள். சிலர் நிறையப் பொருட்களைக் கையில் எடுத்தார்கள், திருப்பினார்கள், இயங்கும் பாகத்தை அசைத்துப் பார்த்தார்கள், அடுக்கியதைக் கலைத்தார்கள், வரையத் தொடங்கிய பிறகும் மாற்றினார்கள். யார் எப்படிச் செய்தார்கள் என்று தெரியாத ஓவியர்களும் விமர்சகர்களும் படங்களைப் பார்த்தபோது, இரண்டாவது வகையினரின் படங்களைத்தான் அதிகம் புதுமையானவை என்றார்கள். சில வருடம் கழித்து விசாரித்தால் அந்த மாணவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் கலையை விட்டிருந்தார்கள். நின்று பேர் எடுத்தவர்களில் அப்படிப் புரட்டிப் பார்த்தவர்கள் அதிகம்.

முதல் வகையினருக்கு வரைய ஒரு விடை மனதில் இருந்தது, அதைக் காகிதத்துக்கு மாற்றினார்கள். இரண்டாவது வகையினர் எதை வரைகிறோம் என்பதையே வரைந்து கண்டுபிடித்தார்கள். தெரிந்த விடையை நகலெடுக்கும் வேலையில் மனம் எப்படி நிற்கும்?

இப்போது லேடீஸ் சீட்டுக்கு வாருங்கள். அங்கே உட்கார்ந்தால் கீழே மலைப்பாதை, அதற்குக் கீழே சேலம் சமவெளி முழுவதும் விரிந்து கிடக்கும். பார்ப்பதற்கு அருமையான இடம். வரைவதற்கு, அதுவும் தொடங்கும் நிலையில், நான் அந்த இடத்தைச் சொல்லவே மாட்டேன். கேட்க ஆயிரம் இருப்பதால் ஒன்றையும் கேட்க முடியாது. கை என்ன செய்யும்? தெரிந்த சூத்திரத்துக்குப் போகும்: மேலே வானம், நடுவில் நீல மலை, கீழே பச்சை. பத்தாவது நிமிடத்தில் சலிப்பு வருவதில் ஆச்சரியமே இல்லை.

திரும்பி ஏதாவது ஒரு காபித் தோட்டத்தின் ஓரமாக நில்லுங்கள். ஒரு சில்வர் ஓக் மரம் போதும். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம், காபிக்கு நிழலாக மலை முழுவதும் வைத்திருக்கிறார்கள். நெட்டென்று நிற்கும் தண்டு, அதில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். இலையின் மேல்பக்கம் பச்சை, அடிப்பக்கம் வெள்ளி. காற்று அடித்தால் மரம் முழுவதும் ஒரு கணம் வெளுத்துத் திரும்பப் பச்சையாகும். இங்கே கேட்க ஆரம்பியுங்கள். அந்த வெள்ளி, பின்னால் இருக்கும் வானத்தைவிட வெளுப்பா, மங்கலா? தண்டு பழுப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், வெயில் படும் பக்கம் உண்மையில் என்ன நிறம்? கொடி ஏறிய பகுதி எங்கே தொடங்குகிறது என்று கண் எதை வைத்துச் சொல்கிறது, நிறத்தையா, விளிம்பையா? கீழே காபி இலையின் பளபளப்பில் தெரிவது வானத்தின் நீலமா, வெறும் காகித வெள்ளையை விட்டால் போதுமா?

இவற்றில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒரு சின்னக் காகிதத்தில் சில சதுரங்கள் போட்டுக்கொண்டு அதற்கு மட்டும் பதில் தேடுங்கள். மரத்தை முழுதாக வரைய வேண்டாம். வெள்ளி இலையும் அதன் பின்னால் உள்ள வானமும் மட்டும். முதல் முறை வானம் இருண்டுபோகும், சரி, அடுத்த சதுரத்தில் தண்ணீரைக் கூட்டுங்கள். இப்போது இலை போதவில்லை. மூன்றாவதில் இலையைத் தொடாமல் விட்டு வானத்தை மட்டும் போடுங்கள். இந்த இடத்தில்தான் வழக்கமாக ஆட்கள் என்னிடம் நிமிர்ந்து "மணி என்ன?" என்று கேட்பார்கள்.

மலைக்குப் போகாமலும் முடியும். கருப்பூர்ப் பக்கம் போயிருந்தால் வெள்ளைக்கல் குன்றுகளைப் பார்த்திருப்பீர்கள். மேக்னசைட் என்ற வெள்ளைக் கனிமம் எடுத்த சுரங்கங்கள், வெட்டிக் குவித்த வெள்ளை மண். வெள்ளைக்காரர்கள் அந்தப் பகுதிக்கே சுண்ணாம்புக் குன்றுகள் என்று பெயர் வைத்தார்கள், சுண்ணாம்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லாவிட்டாலும். ஓர் ஓவியருக்கு இதைவிட நல்ல கேள்வி கிடையாது: வெள்ளையான பொருளின் நிழல் என்ன நிறம்? காலையில் வெயில் படாத சரிவைப் பாருங்கள். சாம்பல் என்று மூளை சொல்லும். அல்ட்ராமரின் நீலத்தில் கொஞ்சம் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு கலந்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நீலம் பற்றாது என்று தெரியும், ஏனென்றால் அந்த நிழலுக்கு வெளிச்சம் நீல வானத்திலிருந்துதான் வருகிறது. அடிவாரத்தில் மண்ணிலிருந்து திரும்பிவரும் வெளிச்சத்தால் அதே நிழல் இளஞ்சூடான நிறத்துக்கு மாறும். இரண்டும் சந்திக்கும் இடத்தைப் பிடிக்க ஒரு முழுக் காலை நேரம் போதாது.

ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப வரைந்தால் சலிக்காதா என்று கேட்பீர்கள். பிரெஞ்சு ஓவியர் செசான் தன் ஊருக்குப் பக்கத்தில் இருந்த சாந்த் விக்துவார் மலையை எண்ணெய் வண்ணத்திலும் வாட்டர்கலரிலும் பல பத்து முறை வரைந்தார். 1906இல், இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் மகனுக்கு எழுதிய கடிதத்தில், ஆற்றங்கரையில் உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமல், கொஞ்சம் வலப்பக்கம் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தாலே மாதக்கணக்கில் வேலை இருக்கிறது என்கிற பொருளில் எழுதியிருக்கிறார். நம் ஊருக்கு வடக்கே நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. சேலத்தில் எந்த மொட்டை மாடியில் நின்றாலும் ஏதாவது ஒன்று தெரியும். ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். கஞ்சமலை மழைக்கு மறுநாள் எத்தனை பக்கத்தில் வந்து நிற்கிறது, மே மாதப் புழுதியில் எவ்வளவு தள்ளிப் போகிறது என்பதை நிறத்தால் சொல்ல முடியுமா என்பதே ஒரு வருடத்துக்கான கேள்வி.

கேள்வி அளவாக இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வரையும்போது என்ன உணர்கிறீர்கள் என்று கவனியுங்கள். கண் போனைத் தேடுகிறது, கொட்டாவி வருகிறது என்றால் வேலை எளிதாகிவிட்டது. கடினமாக்குங்கள்: பென்சில் கோடு போடாமல் நேரே பிரஷ்ஷால் தொடங்குங்கள், அல்லது பிரஷ்ஷைப் பெரிதாக்குங்கள். மார்பு இறுகுகிறது, ரப்பரைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறீர்கள் என்றால் வேலை மேலே போய்விட்டது. நிறத்தை விட்டுவிட்டு ஒரே நிறத்தில் வெளிச்சம், நிழல் மட்டும் போடுங்கள். மனம் ஓடுவதைக் குறையாக எடுத்துக்கொண்டு தன்னைத் திட்டிக்கொள்பவர்கள் நிறையப் பேர். அது வேலையின் அளவு சரியில்லை என்று வரும் தகவல், அவ்வளவுதான்.

பழைய சினிமா பேனர் ஓவியர்களிடம் இந்த அளவுபடுத்தல் இயல்பாக இருந்தது. மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த ஊர் இது. 1930களிலிருந்து ஏற்காட்டுச் சாலையில் படம் எடுத்துத் தள்ளிய கம்பெனி, அதன் நுழைவு வளைவு இன்றும் நிற்கிறது. ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன் தமிழ்நாடு முழுவதும் பேனர்கள் கையால் வரையப்பட்டவை. கையகலப் போட்டோவில் கட்டம் போட்டு, துணியிலும் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டம் போட்டுக்கொள்வார்கள். பிறகு முகம் என்று பார்ப்பதில்லை. இந்தக் கட்டத்தில் கறுப்பு எதுவரை வருகிறது என்பது மட்டும்தான் வேலை. இருபது அடி முகம் யாரையும் பயமுறுத்தும். ஒரு கட்டம் பயமுறுத்தாது. வெள்ளிக்கிழமை ரிலீஸுக்குள் முடிக்க வேண்டிய அவசரத்திலும் அவர்கள் நிதானமாக ஆழ்ந்து வேலை செய்ததற்கு இந்தக் கட்டம் ஒரு காரணம் என்று நம்புகிறேன்.

மார்கழியில் சிக்குக் கோலம் போடும் பெண்களிடமும் இதே ஆழ்தல் உண்டு. புள்ளி வைத்தாகிவிட்டது, கோடு எல்லாப் புள்ளியையும் சுற்றி, எதையும் விடாமல் தொடங்கிய இடத்துக்கு வர வேண்டும். ஒரு வளைவு தப்பினால் அடுத்த வளைவில் தெரிந்துவிடும். பக்கத்தில் பால்காரர் வந்து நின்றாலும் நிமிர மாட்டார்கள். "எனக்குக் கலையெல்லாம் வராதுங்க" என்று என் வகுப்பில் சொல்லும் அம்மாக்களிடம், நீங்கள் வாசலில் தினமும் செய்வதுதான் இது என்று சொல்வேன். வெறும் ஆறுதலுக்காகச் சொல்வதில்லை. கால் மணி நேரத்தில் ஆழ்ந்து கால் மணி நேரத்தில் வெளியே வரத் தெரிந்தவர்கள் அவர்கள். ஆழ்ந்துபோக ஒரு நாள் முழுவதும் ஓய்வு வேண்டும் என்பது, வீட்டு வேலை செய்யாதவர்கள் கிளப்பிவிட்ட எண்ணம்.

போன் விஷயத்துக்கு வருகிறேன். போனைப் பையில் போடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். காரணத்தைத் தெரிந்துகொண்டால் செய்வது எளிது. ஸோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் காட்டியது: ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது கவனம் முழுதாகக் கூடவே வருவதில்லை, ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது, முக்கியமாக அது முடியாமல் இருந்தால். வாட்ஸ்அப்பில் பார்த்த செய்தி அப்படி முடியாத வேலைதான். ஒரு நொடி பார்த்துவிட்டுத் திரும்பினாலும் பாதி மனம் பதிலை எழுதிக்கொண்டிருக்கும், போட்ட வாஷ், அதாவது தண்ணீர் கலந்த வண்ணப் பூச்சு, அதற்குள் காய்ந்திருக்கும்.

போட்டோவைப் பார்த்து வரைவதில் சலிப்பு வருகிறது என்றீர்களே, அதற்கும் இதே வேர்தான். கேமரா உங்களுக்கு முன்பே எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டது. எது வெளிச்சம், எது இருட்டு, படத்தின் ஓரம் எங்கே என்று முடிவாகிவிட்டது. காபிச் செடிக்கு அடியில் இருக்கும் நிழலில் கண்ணுக்கு ஊதாவும் பச்சையும் செம்மண் நிறமும் தெரியும், போட்டோவில் பெரும்பாலும் கறுப்பாகிவிடும். போட்டோவே கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் அந்த இடத்தில் உட்கார்ந்து ஐந்து நிமிடமாவது பென்சிலால் குறித்துக்கொண்டு, ஓரத்தில் "நிழலில் ஊதா", "தண்டு வானத்தைவிட இருட்டு" என்று எழுதி வைத்திருந்தால் போட்டோ துணைக்கு மட்டும் இருக்கும்.

அப்புறம் இன்னொன்று, கொஞ்சம் வலிக்கிற விஷயம். வரைந்து முடித்ததும் எல்லோருக்கும் காட்டுவதற்காக வரைகிறீர்களா? 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள 3 முதல் 5 வயதுக் குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு குழுவிடம் படம் வரைந்தால் ரிப்பன் கட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொன்னார்கள். ஒரு குழுவுக்குச் சொல்லாமல் கடைசியில் தந்தார்கள். ஒரு குழுவுக்கு ஒன்றும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து வகுப்பில் மார்க்கர் பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டுக் கவனித்தால், பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறையப் பாதிதான் வரைந்தார்கள். பரிசை எண்ணி வரைந்த அன்றைய படங்களும் தரத்தில் குறைவாகவே மதிப்பிடப்பட்டன. வயது வந்த நமக்கு ரிப்பன் இல்லை, லைக் இருக்கிறது. ஆரம்பத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தை யாருக்கும் காட்டாத நோட்டாக வைத்திருங்கள். வீட்டில் உள்ளவர்களுக்கும் காட்ட வேண்டாம். "இது என்ன, மாடா?" என்று அன்போடு கேட்கும் ஒரு கேள்வி போதும், அடுத்த ஞாயிறு கை நடுங்க.

வெளியே யாரும் இல்லாதபோதும் உள்ளே ஒருவர் பேசிக்கொண்டே இருப்பார்: இது மூக்கு மாதிரி இல்லை, இது கேவலமாக இருக்கிறது, நேரம் வீண். அவரை வாதத்தில் ஜெயிக்க முடியாது. அவருக்கு வேலை இல்லாமல் செய்யலாம். நியூயார்க்கில் ஓவியம் சொல்லிக்கொடுத்த கிமோன் நிகோலாய்டிஸ் ஒரு பயிற்சி வைத்திருந்தார். பென்சிலைக் காகிதத்தில் வைத்துவிட்டு, காகிதத்தைப் பார்க்காமல், பொருளின் விளிம்பை எறும்பு ஊரும் வேகத்தில் கண்ணால் தொடர வேண்டும். கண் நகரும் அதே வேகத்தில் கை. படம் கோணலாகத்தான் வரும், அதனால் விமர்சிப்பதற்கு ஒன்றும் இல்லை. ஐந்து நிமிடம் இதைச் செய்துவிட்டு வண்ணத்தைத் திறந்தால் உள்ளே சத்தம் அடங்கியிருக்கும். கலிஃபோர்னியாவில் பெட்டி எட்வர்ட்ஸ் பிரபலமாக்கிய முறை இன்னொன்று: ஒரு கோட்டுப் படத்தைத் தலைகீழாக வைத்து நகலெடுப்பது. மூக்கு, கண் என்று பெயர் சொல்ல முடியாததால் கோட்டை மட்டும் பார்ப்பீர்கள். வலது மூளை, இடது மூளை என்று அதற்கு அவர் சொன்ன விளக்கத்தை இன்று மூளை ஆய்வாளர்கள் அந்த எளிய வடிவத்தில் ஏற்பதில்லை. பயிற்சி மட்டும் வேலை செய்கிறது. தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் தூண்களை வரையப் போகும்போது நான் முதல் பயிற்சியைத்தான் வைப்பேன். யாளியின் வாயிலிருந்து பிடரி வரை ஒரு விளிம்பைத் தொடர்ந்து முடிப்பதற்குள் வந்திருப்பவர்கள் பேச்சு நின்றுவிடும்.

பொருட்களைப் பற்றிச் சுருக்கமாக. காகிதம் நன்றாக இருக்க வேண்டும், ஆனால் விலையைப் பார்த்துப் பயப்படும் அளவுக்கு இருக்கக் கூடாது. 300 ஜிஎஸ்எம் கனமுள்ள காட்டன் காகிதம் 22க்கு 30 அங்குல முழுத் தாளாக வாங்கி எட்டாக வெட்டினால் ஏழரைக்குப் பதினொன்று அளவில் துண்டுகள் கிடைக்கும். ஒரு துண்டு கெட்டால் மனம் உடையாது. நிறம் நான்கு போதும்: அல்ட்ராமரின், பர்ன்ட் சியன்னா, யெல்லோ ஆக்கர் என்ற மண் மஞ்சள், காபி இலையின் அடர்ந்த பச்சைக்கு ஒரு பிரஷ்யன் நீலம். இருபத்து நான்கு நிறப் பெட்டி எதை எடுப்பது என்ற யோசனையிலேயே ஆளை வெளியே இழுத்துவிடும்.

மலைக்கும் ஊருக்கும் ஈரப்பதம் வேறு. சேலத்தில் ஏப்ரல், மே மதியம் ஃபேனுக்கு அடியில் வாஷ் போட்டால் பிரஷ் மறுகோடிக்குப் போவதற்குள் இந்தக் கோடி காய்ந்துவிடும். காகிதத்தை இரண்டு பக்கமும் நனைத்து ஒரு பிளாஸ்டிக் பலகையில் ஒட்டிவிட்டு வரையுங்கள். ஏற்காட்டில் மழைக்கால மூடுபனியில் அதற்கு நேர் எதிர். எவ்வளவு நேரம் ஆனாலும் காயாது. சும்மா ஊதிக்கொண்டு உட்கார்ந்தால் அங்கேதான் கவனம் ஓடும். இரண்டு துண்டுகளை மாற்றி மாற்றி வரையுங்கள், ஒன்று காயும்போது இன்னொன்று. கை ஓயாது. பகோடா பாயிண்டில் உட்காருவதாக இருந்தால் தின்பண்டத்தைப் பைக்குள் வையுங்கள், குரங்குகள் உங்களைவிடக் கவனமாக இருக்கும். திரும்ப வேண்டிய பஸ் நேரத்துக்கு அலாரம் வைத்துவிட்டு வரையுங்கள். பஸ்ஸைத் தவறவிட்டு, பனியில் இருபது கொண்டை ஊசி வளைவை இருட்டில் யாருடைய பைக்கிலாவது இறங்குவது வேண்டாம். அலாரம் இருந்தால் நேரத்தைப் பார்க்கும் வேலையும் மனதை விட்டுப் போகும்.

ஒரு எச்சரிக்கை சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் முழுமையாகாது. ஆழ்ந்து வரைந்த படம் நல்ல படமாகத்தான் இருக்கும் என்று இல்லை. மிக ஆனந்தமாகப் போன காலை நேரத்தின் படம் மறுநாள் வெறும் சேறாகத் தெரியலாம். அரைகுறை மனதோடு பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது கிறுக்கியது உயிரோடு இருக்கலாம். வரையும் நேரம் வேறு, மதிப்பிடும் நேரம் வேறு. முடித்த அன்றே மதிப்பிடாதீர்கள். இரண்டு மூன்று நாள் கழித்து, சுவரில் சாய்த்து, எட்ட நின்று பாருங்கள். பார்க்கும்போது "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்காமல் "நான் கேட்ட கேள்விக்குப் பதில் வந்ததா?" என்று கேளுங்கள். வெள்ளி இலை வானத்துக்கு எதிரில் நிற்கிறதா? நிற்கவில்லை என்றால் அடுத்த ஞாயிற்றுக்குக் கேள்வி தயார். அப்படி ஒரு கேள்வியோடு பஸ் ஏறுபவர் இடம் தேடி அலைய மாட்டார், வந்து உட்கார்ந்ததும் தொடங்கிவிடுவார்.

தொடங்கிய பிறகும் முதல் கால் மணி நேரம் வறட்சியாகத்தான் இருக்கும். பல காலமாக வரைபவர்களுக்கும் அப்படித்தான். அந்த நேரத்தில் எழுந்துவிடுபவர்களே அதிகம். நீங்கள் சொன்ன பத்து நிமிடம் சரியாக அதற்குள் விழுகிறது. அடுத்த முறை பத்தாவது நிமிடத்தில் கை பைக்குப் போனால், புதிய துண்டை எடுத்து, அதே இலையை, இன்னும் சின்னதாக, இரண்டே நிறத்தில் போட்டுப் பாருங்கள்.